கணக்கில் ஏறாதவர் ஊர்

கணக்குப் புத்தகம் பொய் பேசாது என்று உலகத்தார் சொல்லுவர். கணக்கெழுதிப் பிழைக்கும் என் போன்ற தோட்டத்துக் கிராணிக்கு அச்சொல் பெருமை தருவதேயாகும். ஆயினும், பொய் பேசாத அந்தப் புத்தகம் உண்மை முழுவதையும் பேசிவிடுகின்றதா என்று கேட்டால், இல்லை என்றே விடை கூறவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், காரியாலயத்துப் பழைய அலமாரியைச் சுத்தம் செய்தபொழுது, கறையான் தின்றது போக எஞ்சியிருந்த பழங்காலச் செக்ரோல் ஒன்று என் கையில் அகப்பட்டது. வரிசையாகப் பெயர்கள், பெயருக்கு எதிரே எண், பெரட்டுக்கு வந்த நாள்களுக்கெல்லாம் கோடுகள். அவற்றினிடையே ஒரு பெயருக்கு நேரே, 'ஓடிப்போனான்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று சிவப்பு மையினால் எழுதப்பட்டிருந்தது. அதற்கப்பால் அந்த வரி முழுவதும் வெறுமை. எங்கே போனான்? பிழைத்தானா, மடிந்தானா? மனைவி மக்களோடு எந்த ஊரிலாவது குடியேறி வாழ்ந்தானா? புத்தகம் வாய் திறக்கவில்லை. ஓடியவனைக் கணக்குக் கைவிட்டுவிட்டது.

அவ்வாறு கணக்கினால் கைவிடப்பட்டவர்கள் ஒருவர் இருவராக அல்லாமல், ஊர் ஊராகத் திரண்டு சென்று, இன்றளவும் தழைத்து நிற்கும் ஓர் இடத்தைப் பற்றியே இக்கட்டுரையில் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவ்விடம் மேற்கு ஆப்பிரிக்காவிலே, பெனின் நாட்டின் தென்பகுதியில், நொக்குவே என்னும் ஏரியின் நடுவிலே நீர்மேல் நிற்கும் கன்வியே என்ற ஊர்.

படகுப் பயணம்

பெனின் நாட்டின் பெரிய நகரமாகிய கோட்டனூவுக்கு வரும் வெளிநாட்டார், அபோமே-கலாவி என்னும் ஊரின் படகுத் துறைக்குப் போகிறார்கள். அங்கே கட்டணம் செலுத்தி, வழிகாட்டி ஒருவரோடு படகேறினால், காலையில் புறப்பட்டு ஊரைச் சுற்றிப் பார்த்து அன்றைக்கே கரை திரும்பிவிடலாம். ஏரியின் நீர் ஆழமானதன்று. கோடையிலே பல இடங்களில் ஓர் ஆள் நின்றால் தலை தெரியும். ஆகவே படகோட்டிகள் துடுப்பைக் காட்டிலும் நீண்ட கழியையே நம்பித் தரையில் ஊன்றித் தள்ளுகிறார்கள். மோட்டார் பூட்டிய படகுகளும் உண்டு.

சிறிது தூரம் சென்றதும் கண்ணுக்கு முதலில் தென்படுவன வீடுகளல்ல. நீரிலே நட்ட மரக்கிளைகள். பின்னர்த் தொலைவிலே கூரைகள் தோன்றுகின்றன. சில ஓலை வேய்ந்தவை, சில தகரம் போட்டவை. அருகே செல்லச் செல்ல, ஒவ்வொரு வீடும் தடித்த மரக்கால்களின் மீது நீர்மட்டத்திற்கு மேலே தூக்கி நிறுத்தப்பட்டிருப்பது புலனாகின்றது. மலாய்க் கம்பங்களில் கால் வைத்த வீடுகளைக் கண்டு பழகிய நமக்கு அவ்வீடுகள் அந்நியமாகத் தோன்றமாட்டா. ஆனால் கம்பத்து வீட்டில் படியிறங்கினால் மண். இங்கே படியிறங்கினால் படகு. 20,000க்கும் மேற்பட்ட ஜனங்கள் இப்படி வாழ்கிறார்கள். தெருவெல்லாம் தண்ணீர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் படகிலே. பெண்கள் மீனும் காயும் சோளமும் விற்கும் சந்தை கூடுவதும் படகுகளின் மேலே. ஏரி நீர் குடிப்பதற்கு ஏற்றதன்று. ஆதலால் ஆழ்குழாய் நீர் கிடைக்கும் இடத்திலே பாத்திரங்கள் நிறைந்த படகுகள் வரிசை பிடித்து நிற்கும். தண்ணீரின் நடுவே வாழ்ந்தும் தண்ணீருக்காகக் காத்து நிற்பதைக் காண்பவர் நெஞ்சு நெகிழாமல் இராது.

இவ்வூரை 'ஆப்பிரிக்காவின் வேனிஸ்' என்று பிரயாண விளம்பரங்கள் அழைக்கின்றன. அழகைக் கருதி வைத்த பெயர் அது. ஆனால் அப்பெயரைச் சூட்டியவர் அறிந்ததினும் ஆழமான பொருத்தம் அதிலே இருக்கின்றது. இத்தாலி தேசத்து வேனிஸ் நகரமும் படையெடுப்புகளுக்கு அஞ்சி உப்பங்கழித் தீவுகளில் ஒதுங்கிய மக்களால் தோன்றியதென்றே வழிவழியாகச் சொல்லப்படுகின்றது. வேனிஸ் பின்னாளில் செல்வத்தில் கொழித்தமையால் அதன் அச்சத்தை உலகம் மறந்துவிட்டது. கன்வியே தன் அச்சத்தைத் தன் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கிறது. 'தப்பிப் பிழைத்தோர் கூட்டம்' என்பது அப்பெயருக்கு அவ்வூரார் கூறும் பொருள்.

யாரிடமிருந்து தப்பினார்கள்?

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளிலே அந்தக் கரைக்கு ஐரோப்பியர் இட்டிருந்த பெயர் 'அடிமைக் கரை' என்பது. பெயரே போதும், வேறு விளக்கம் வேண்டுவதில்லை. அக்கரையிலுள்ள வீதா என்னும் துறையில் பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், போர்ச்சுகீசியர் ஆகிய மூவரும் தனித்தனியே கோட்டை கட்டிக்கொண்டு, மனிதரை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினர். அந்த ஒரு துறையிலிருந்து மட்டும் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் கடல் கடத்தப்பட்டதாக வரலாற்று ஆசிரியர்கள் மதிப்பிடுகின்றனர்.

வாங்கியவர் ஐரோப்பியர், விற்றவர் யார்? இங்கேதான் நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. உள்நாட்டு மேட்டு நிலத்திலே, கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் வடக்கே, அபோமே என்னும் நகரைத் தலைநகராகக் கொண்டு தகோமே என்ற ராஜ்யம் எழுந்தது. அதனை ஆண்டவர் ஃபோன் இனத்தார். அவ்வரசர்களில் ஒருவனாகிய அகாஜா 1724இல் அல்லாடா நாட்டையும், 1727இல் வீதாத் துறையையும் வென்றான். அதன்பின் ஆண்டுதோறும் படை புறப்படுவதும், ஊர்களை வளைத்துச் சிறைபிடிப்பதும், பிடிபட்டவர்களைத் துறைக்கு ஓட்டிச் சென்று துப்பாக்கிக்கும் மருந்துக்கும் துணிக்கும் மதுவுக்கும் மாற்றுவதும் அரசாங்கத்தின் தொழிலாகிவிட்டது. துப்பாக்கி பெறுவதற்கு மனிதனைப் பிடிப்பது. மனிதனைப் பிடிப்பதற்குத் துப்பாக்கி பெறுவது. இந்தச் சக்கரத்தில் அகப்பட்டு அரைபட்டவர்கள் எளிய ஜனங்களே.

நேயர்களே, அந்த வாணிகம் நமக்குச் சற்றும் தொடர்பில்லாத தொலைதூரப் பாவம் என்று எண்ணிவிடவேண்டாம். அந்தக் கரையிலே நாணயமாக வழங்கியது, நம் வீட்டுப் பெண்கள் தாயம் ஆடுவதற்கு எடுக்கும் சோழி! மாலத்தீவிலே வாரப்பட்ட சோழிகள் இலங்கைக்கும் வங்காளத்திற்கும் வந்து, அங்கிருந்து டச்சுக்காரர், ஆங்கிலேயர் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போய், மீண்டும் ஆப்பிரிக்கக் கரையில் இறக்கப்பட்டன. சோழமண்டலக் கரையிலே தறியில் நெய்யப்பட்ட துணிகளும் அவ்வாறே போய்ச் சேர்ந்தன. நெய்தவன் அறியான், தன் துணி எதற்கு விலையாயிற்று என்று. ஒருவன் கை உழைப்பு மற்றொருவன் கைவிலங்காகப் போய் முடிவதை இருவருமே அறியாதபடி அமைந்திருந்தது அந்தக் காலத்து உலக வாணிகம்.

கணக்கு மாத்திரம் மிகத் துல்லியமாக எழுதப்பட்டது. கப்பலின் பெயர், புறப்பட்ட துறை, ஏற்றிய தலைகள், வழியில் மாண்ட தலைகள், இறக்கிய தலைகள் என்று பத்தி பத்தியாக எழுதி வைத்தார்கள். அக்கணக்குகளை இக்காலத்து அறிஞர்கள் உலகெங்குமிருந்து திரட்டி, சுமார் 36,000 கப்பல் பயணங்களின் விவரத்தை ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அவற்றைக் கொண்டு மதிப்பிட்டால், ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றப்பட்டோர் சுமார் ஒரு கோடியே 25 லட்சம் பேர்; அக்கரை சேர்ந்தோர் சுமார் ஒரு கோடியே 7 லட்சம் பேர். இடையிலுள்ள 18 லட்சம் பேருக்குக் கடலே கல்லறை.

இத்தனை பெரிய கணக்கிலே ஒரு பத்தி மட்டும் இல்லை. தப்பியவர் எத்தனை பேர் என்னும் பத்தி அது. பிடிபட்டவனைத்தான் எழுத்தன் எழுதுவான். பிடிபடாதவனை எந்த எழுத்தன் எழுதுவான்? இல்லாத அந்தப் பத்தியைத் தேடிப் போகிறவன் காகிதத்தை விட்டுவிட்டு ஏரிக்குப் போகவேண்டும்.

பறவையும் முதலையும்

படகிலே வழிகாட்டி சொல்லும் கதை இது. அக்போக்போவே என்னும் அரசன், தன் குடிகளைக் காக்கும்பொருட்டு முதலில் ஒரு பறவையாக உருமாறி, வானில் பறந்து, ஏரி நடுவே தகுந்த இடம் கண்டான். பிறகு முதலையாக உருமாறி, தன் ஜனங்களை நீர் கடத்திக் கொண்டுபோய்ச் சேர்த்தான். பகைவர்களோ, நீரில் இறங்கிப் போர் செய்யலாகாது என்று அவர்கள் மதம் விதித்திருந்ததனால், கரையிலேயே நின்றுவிட்டார்கள்.

இந்தக் கதையை நாம் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. துன்பப்பட்ட ஜனங்கள் தம் நன்றியைக் கதையாக்கிப் பாதுகாப்பது உலக வழக்கம். ஆனால், கதையைக் கதையாகக் கேட்டுவிட்டு, காரணத்தைக் காரணமாகத் தேடுவதே பகுத்தறிவுடையார் கடமை. ஒரு மதத்தடைதானா இவர்களைக் காத்தது?

தகோமே மேட்டு நிலத்து ராஜ்யம். அதன் படை காலாட்படை. துப்பாக்கியில் வல்லது, படகில் வல்லதன்று. அடியில் சேறும், இடையிடையே நாணற் புதரும், வழி தெரியாத கால்வாய்களும் நிறைந்த ஏரியிலே, நீந்தவும் கழி தள்ளவும் பிறவியிலேயே பழகியவர்களை எதிர்த்து அப்படை என்ன செய்யும்? மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய். இதற்குச் சரித்திரத்திலே மற்றொரு சான்றும் உண்டு. 1727இல் வீதா வீழ்ந்தபோது, அந்நாட்டு அரசன் ஹூஃபோன் தன் குடிகளோடு மேற்கேயுள்ள கழித் தீவுகளில் அடைக்கலம் புகுந்தான். நாட்டையே வென்ற அகாஜாவினால் அந்த நீர்க்காட்டிலிருந்து அவர்களை எளிதில் பெயர்க்க முடியவில்லை. அவர்கள் அங்கிருந்துகொண்டே பல்லாண்டு வீதாக் கரையைத் தாக்கித் தொல்லை கொடுத்து வந்தார்கள்.

தடை என்று ஒன்று இருந்திருக்கலாம். ஆயினும் அந்தத் தடையின் வலிமை நீரின் வலிமையே என்பது என் எண்ணம். லாபம் தரும் பாவம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அதற்கு ஒரு பரிகாரம் கண்டுபிடித்துக் கொடுக்கப் பூசாரிகள் எந்நாட்டிலும் குறைந்ததில்லை. கைக்கு எட்டாததைத்தான் சாஸ்திரம் விலக்கியதென்று சொல்லி மன்னர்கள் மானம் காத்துக்கொள்ளுகிறார்கள்.

ஆகவே கன்வியே மக்களைப் பறவையும் முதலையும் காத்ததாக மட்டும் சொல்லி முடித்துவிட்டால், அவர்களுக்கு உரிய புகழை நாம் திருடியவர்களாவோம். தோஃபினு என்று இன்று வழங்கப்படும் அம்மக்கள் ஒரே நாளில் ஒரே இனமாக வந்தவர்களல்லர். வெவ்வேறு ஊர்களிலிருந்து, வெவ்வேறு காலங்களில், துரத்தப்பட்டுக் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தவர்கள். அவர்களுடைய மொழியும் துரத்திய ஃபோன் இனத்தாரின் மொழியும் ஒரே மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பிடிக்க வந்தவனும் தப்பி ஓடினவனும் உறவு மொழி பேசியவர்களே! மொழி ஒற்றுமை விலங்கைத் தடுக்கவில்லை. ஒன்றாய் வந்து ஒதுங்கிய துன்பமே அவர்களை ஓரினமாக்கிற்று.

உழைப்பால் எழுந்த நிலம்

நிலத்திலே உழுது வாழ்ந்தவன் நீரிலே எப்படி வாழ்வது? இங்கேதான் அவர்களுடைய அறிவு விளங்குகின்றது. தடித்த மரங்களை வெட்டிக் கொணர்ந்து சேற்றில் ஆழ ஊன்றினார்கள். நீரில் மரம் உளுத்துப்போகும், மாற்றவேண்டும், மறுபடியும் உளுக்கும், மறுபடியும் மாற்றவேண்டும். ஒரு வீடு கட்டி முடிந்தது என்று சொல்லும் நாள் அவ்வூரில் எவருக்கும் கிடையாது. சதுக்கத்திற்கும் கல்விச் சாலைக்கும் தரை தேவைப்பட்ட இடத்தில், மண்ணைப் படகிலே சுமந்து கொண்டுபோய்க் கொட்டி மேடு எழுப்பினார்கள். நமக்கெல்லாம் காலடியில் இலவசமாகக் கிடைக்கும் மண், அவர்களுக்குக் கூடை கூடையாகச் சேர்த்த சொத்து.

உழவுக்கு ஈடாக அவர்கள் கைக்கொண்ட மீன்பிடி முறைக்கு 'அக்காஜா' என்று பெயர். ஏரியில் ஓரிடத்தைத் தெரிந்தெடுத்து, மரக்கிளைகளை நெருக்கமாக நட்டுவிடுவார்கள். சில நாள்களில் கிளைகளின்மேல் பாசி படியும். பாசியைத் தின்னவும், பெரிய மீன்களுக்கும் பறவைகளுக்கும் தப்பி ஒளியவும் சிறுமீன்கள் அங்கே வந்து கூடும், கூடிப் பெருகும். மாதங்கள் சென்றபின் சுற்றிலும் வலை கட்டி, கிளைகளைப் பிடுங்கிவிட்டு, மீனை வாரிக்கொள்வார்கள். வெறும் வலை வீச்சில் கிடைப்பதைவிட இதில் பன்மடங்கு மீன் கிடைத்து வந்தது. பயிர் செய்வதற்கும் மீன் பிடிப்பதற்கும் நடுவிலுள்ள ஒரு தொழில் இது. முளைகளின் நடுவே புகலிடம் தேடிய மக்கள், முளைகளின் நடுவே மீனுக்குப் புகலிடம் காட்டி அதனைப் பிடித்துண்ணக் கற்றுக்கொண்டார்கள்! புகலிடமே பொறியாகவும் ஆகக்கூடும் என்பதை அவர்களினும் நன்கறிந்தவர் யார்?

அவர்கள் அஞ்சியது வீண் அச்சமா? இல்லை. பிரிட்டிஷார் 1807இல் அடிமை வாணிகத்தைச் சட்டத்தினால் விலக்கினர். ஆயினும் பிரேசிலுக்கும் கியூபாவுக்கும் கப்பல்கள் போய்க்கொண்டேயிருந்தன. 1860இல்கூட, அமெரிக்கச் சட்டத்திற்கு மாறாக, 'கிளோட்டில்டா' என்னும் கப்பல் வீதாவிலிருந்து நூற்றுக்கு மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு அலபாமா நாட்டிற்குப் போயிற்று. அதிலே போனவர்களில் ஒருவர் கொசோலா என்பவர். உள்நாட்டு ஊரொன்றில் பிறந்து, தகோமேப் படையினால் விடியற்காலையில் வளைத்துப் பிடிக்கப்பட்டவர். 1935 வரை வாழ்ந்து, தம் ஊர் எரிந்த கதையைத் தம் வாயாலேயே சொல்லிவிட்டு மறைந்தார். அவர் ஊரைச் சுற்றி ஏரியில்லை. கன்வியேயைச் சுற்றி இருந்தது. விதியின் வேறுபாடு அவ்வளவே.

தகோமே ராஜ்யம் 1894இல் பிரெஞ்சுக்காரர் கையில் முழுவதும் வீழ்ந்தது. 1960இல் அந்நாடு விடுதலை பெற்று, 1975இல் பெனின் என்று பெயர் மாற்றிக்கொண்டது. மனிதரைப் பிடித்த மன்னர்களின் அரண்மனை அபோமேயில் பொருட்காட்சிச் சாலையாகிவிட்டது. பிடிபடாத எளியவர்களின் வீடுகளில் இன்னும் அடுப்பு எரிகின்றது.

இன்றைய நிலை

ஆயினும் கன்வியே மக்கள் இன்பத்திலே மிதக்கிறார்கள் என்று சொன்னால் அது பொய்யாகும். 1885இல் கோட்டனூவிலே பிரெஞ்சுக்காரர் வெட்டிய கால்வாய் ஏரியைக் கடலோடு இணைத்துவிட்டது. அதனால் கோடையில் உப்புநீர் ஏறுகின்றது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் வந்து உப்பைத் தள்ளி, ஆகாயத்தாமரையைக் கொண்டுவந்து நிரப்புகின்றது. நகரத்துக் கழிவும் ஊர்க் கழிவும் ஒரே நீரில் கலக்கின்றன. ஆண்டாண்டாய் நட்ட கிளைகள் மக்கிச் சேறாகி ஏரியைத் தூர்க்கின்றன. பகைவனிடமிருந்து காத்த நீரே நோயைக் கொண்டுவருகிறது. 1996இல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டுக் கழகத்தினுடைய உத்தேசப் பட்டியலில் ஊர் இடம்பெற்றது. பட்டியல் பெருமை தரும், குடிநீர் தராது. தப்பியவனுக்கு உயிர் மாத்திரம் போதாது, வாழ்வும் வேண்டும் என்பதை எந்த அரசாங்கமும் மறக்கலாகாது.

பயணிகளின் படகு சந்தைக்குள் நுழைந்ததும் அடிக்கடி நிகழும் ஒரு காட்சியைச் சொல்லி முடிக்கிறேன். வெளிநாட்டார் புகைப்படக் கருவியை உயர்த்துகிறார்கள். உடனே மீன் விற்கும் பெண்கள் தாம் அணிந்துள்ள அகன்ற ஓலைத் தொப்பியைச் சட்டென்று தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொள்கிறார்கள். பலர் இதை நாணம் என்கிறார்கள். சிலர் மூடநம்பிக்கை என்கிறார்கள். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. கேளாமலே தம்மைக் குறித்துக்கொண்டு போக வந்தவனுக்குப் பிடிகொடாத மக்களின் வழித்தோன்றல்கள் அல்லவா அவர்கள்? தம் முகம் தமக்கே உரியது என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லையா?

அன்று அலமாரியில் கண்ட செக்ரோலை நான் மறுபடியும் நினைத்துக்கொள்கிறேன். நம் முன்னோர் பட்டது அடிமை வாணிகம் அன்று. ஒப்பந்தக் கூலி முறை. இரண்டையும் ஒன்றென்று கூறுவது இருவர் துன்பத்திற்கும் நியாயம் செய்வதாகாது. மலாயாவில் அம்முறை 1910இல் முடிவுற்றது. ஆயினும் கணக்கின் குணம் எங்கும் ஒன்றுதான்: கையில் இருப்பவனை எண்ணும், போனவனைச் சிவப்பு மையினால் அடிக்கும். இந்நாள் வரை அந்தச் சிவப்புச் சொல்லைக் குற்றச்சாட்டாகவே படித்து வந்தேன். கன்வியேயின் சரித்திரத்தை அறிந்த பின்னர் அதனை வேறுவிதமாகப் படிக்கிறேன். அந்த வெறுமையான வரிக்கு அப்பால், ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கூரையின் கீழ், அவன் தன் அடுப்பை மூட்டியிருக்கக்கூடும்.

தோழர்களே! நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் பழங்கதைகளில், எந்தப் புத்தகத்திலும் ஏறாத பெயர்கள் எத்தனையோ இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். கணக்கு எழுதாமல் விட்டதை எழுதவேண்டியவர்கள் நாமே.